கணக்கைப் படித்தல்: தமிழில் இயக்கவியல், வெப்பவியல் கணக்குகளின் மொழியும் எச்சமும்

ஆய்வுச் சுருக்கம்

கல்லூரித் தொடக்கநிலை இயற்பியலில் இயக்கவியல், வெப்பவியல் கணக்குகளைத் தீர்க்க இயலாத மாணவர் கணிதத்தில் பின்தங்கியவராகவே பெரும்பாலும் மதிப்பிடப்படுகின்றார். கணக்கு என்பது எண்களைத் தாங்கிய ஓர் உரைநடைப் பனுவல். அதனைத் தீர்ப்பதற்கு முன் படிக்க வேண்டியுள்ளது. தமிழில் எழுதப்படும் கணக்குகளின் தொடரமைப்பு, விசையைக் குறிக்கும் வினைகள், கலைச்சொற்கள், சொல்லாமல் விடப்படும் கருதுகோள்கள் ஆகிய நான்கையும் இக்கட்டுரை ஆராய்கிறது. தாம்பரம், குரோம்பேட்டை, பரங்கிமலை உள்ளிட்ட தென்சென்னைப் புறநகர்ச் சூழலிலிருந்து வகைமாதிரிக் கணக்குகள் அமைக்கப்பட்டு, தமிழ் இலக்கணம் கூறும் எச்சம், வேற்றுமை ஆகிய கருத்துகளின் துணையுடன் வாசிக்கப்படுகின்றன. கணக்கெழுதுதல் தமிழ் உரைநடையின் ஒரு துறையாகக் கருதப்பட வேண்டும் என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: இயற்பியல் கணக்கு, அறிவியல் தமிழ், கலைச்சொல், எச்சம், வேற்றுமை, தாம்பரம்

முன்னுரை

சென்னையின் தெற்குப் புறநகர் இயற்பியல் கல்வியில் நெடிய தொடர்புடைய பகுதியாகும். கடற்கரை – தாம்பரம் மின்தொடர்வண்டி 1931இல் ஓடத் தொடங்கியது. ஜார்ஜ் டவுனில் இயங்கிவந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937இல் தாம்பரத்திற்கு இடம்பெயர்ந்தது. அணு இயற்பியலாளர் ராஜா ராமண்ணா அக்கல்லூரியில் பயின்றவர். குரோம்பேட்டையில் 1949இல் நிறுவப்பெற்ற சென்னைத் தொழில்நுட்ப நிறுவனம் அப்துல் கலாம் வானூர்திப் பொறியியல் பயின்ற இடம். இன்றும் செங்கல்பட்டு, மதுராந்தகம் பக்கத்து ஊர்களிலிருந்தும் புறநகர்க் குடியிருப்புகளிலிருந்தும் இளநிலை இயற்பியல் மாணவர்கள் தொடர்வண்டியேறி இப்பகுதிக் கல்லூரிகளுக்கு வருகின்றனர்.

இவர்களுள் பள்ளியில் தமிழ்வழியில் பயின்றவர் எதிர்கொள்ளும் முதற்பருவ இடர் பலரும் அறிந்தது. வகுப்பில் விதியைச் சொல்லச் சொன்னால் சொல்லிவிடும் மாணவர், அதே விதியைப் பயன்படுத்த வேண்டிய கணக்கின்முன் எழுதுகோலை வைத்துவிடுகின்றார். 'சூத்திரம் தெரியும், கணக்குப் போட வராது' என்னும் தன்மதிப்பீடு அவரிடம் நிலைபெறுகிறது. ஆசிரியரின் மதிப்பீடும் அதுவாகவே அமையும்போது, அம்மாணவர் இயற்பியலை விட்டு விலகுவதற்கான காரணம் எழுதாமலே எழுதப்பட்டுவிடுகிறது.

அறிவியல் தமிழ் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் கலைச்சொல்லாக்கத்தையே மையமாகக் கொண்டுள்ளன. சேலத்தில் 1916இல் தோன்றிய தமிழ்ச் சாஸ்திர பரிபாஷைச் சங்கத்திலிருந்து தொடங்கும் அவ்வரலாறு மதிக்கத்தக்கது. எனினும் சொல் கிடைத்தபின் அச்சொல் அமரும் தொடர் எவ்வாறு இருக்க வேண்டும் என்னும் வினா போதிய கவனம் பெறவில்லை. தொடர்தான் பொருள் தருவது; கணக்கோ தொடர்களாலானது. இவ்விடைவெளியிலிருந்தே இக்கட்டுரை தொடங்குகிறது. இதில் ஆளப்படும் கணக்குகள் வகைமாதிரிகளாக ஈண்டு அமைக்கப்பட்டவை. புவியீர்ப்பு முடுக்கம் வினாடிக்கு வினாடி 10 மீட்டர் எனக் கொள்ளப்படுகிறது.

கணக்கு என்னும் பனுவல்

தமிழில் கணக்கைப் பனுவலாக எழுதும் மரபு புதியதன்று. காரி நாயனாரின் கணக்கதிகாரம் நிலம், பொன், நெல், அரிசி முதலியவற்றின் அளவைகளைச் செய்யுளிலும் உரையிலும் சொல்லி, எடுத்துக்காட்டுக் கணக்குகளையும் தருகிறது. திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி மனனமாகப் பயிலப்பட்ட முறையையும் அதன் சமூகச் சூழலையும் செந்தில் பாபு 2022இல் வெளிவந்த தம் நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். இம்மரபில் கணக்கு, வாழ்வில் எதிர்ப்படும் ஒரு நிகழ்வாகத் தொடங்கிச் செய்முறையில் முடிகிறது.

இம்மரபிற்கும் இன்றைய இயற்பியல் கணக்கிற்கும் இடையே ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. பலாப்பழத்தின் காம்பைச் சுற்றியுள்ள முள்ளை எண்ணி, 6ஆல் பெருக்கி 5ஆல் வகுத்தால் சுளையின் எண்ணிக்கை கிடைக்கும் என்கிறது பழங்கணக்கு. அங்கு விதி உண்டு. அவ்விதி எந்தப் பழத்திற்குப் பொருந்தும், எதற்குப் பொருந்தாது என்னும் எல்லை கூறப்படவில்லை. இயற்பியல் கணக்கிலோ எல்லைதான் முதலில் வருகிறது. 'வழவழப்பான', 'நீட்சியற்ற', 'நிறை புறக்கணிக்கத்தக்க' என்னும் அடைமொழிகள் யாவும் எல்லை வரையறைகளே. அவற்றை அணியாகக் கருதிக் கடந்து செல்பவர் கணக்கின் பாதியைப் படிக்காமலே விடுகின்றார்.

பெயரெச்சங்களும் சமன்பாடுகளும்

பின்வரும் கணக்கைக் காண்க:

'கிடைத்தளத்துடன் 30 டிகிரி கோணத்தில் சாய்ந்துள்ள 10 மீட்டர் நீளமுடைய வழவழப்பான சாய்தளத்தின் உச்சியிலிருந்து ஓய்வுநிலையில் விடப்பட்ட 2 கிலோகிராம் நிறையுடைய கட்டை அடிப்பகுதியை அடையும்போது பெற்றிருக்கும் வேகத்தைக் காண்க.'

இலக்கண வழுவற்ற தொடர் இது. ஆனால் 'கட்டை' என்னும் பெயரை அடையும்வரை படிப்பவர் எதைப்பற்றிப் படிக்கிறார் என்பதை அறியார். சாய்ந்துள்ள, நீளமுடைய, வழவழப்பான, விடப்பட்ட, நிறையுடைய என ஐந்து அடைகள் கட்டைக்கு முன் அணிவகுக்கின்றன. ஆங்கிலத் தொடரில் பொருள் முதலில் அறிமுகமாகி, அதன் இயல்புகள் பின்னே தொடர்வது எளிது. அம்மொழியில் எழுதப்பட்ட கணக்கு ஒரே தொடராகத் தமிழுக்கு மாற்றப்படும்போது இயல்புகள் யாவும் பெயருக்கு முன்னே குவிகின்றன. படம் வரைந்துகொண்டே படிக்க வேண்டிய மாணவர், எதை வரைவதெனத் தெரியாமல் தரவுகளை நினைவில் சுமக்க நேர்கிறது.

இவ்வடைகள் ஒவ்வொன்றும் ஒரு சமன்பாட்டிற்கு நிகரானது. 'ஓய்வுநிலையில் விடப்பட்ட' என்பது தொடக்க வேகம் சுழி என்னும் தரவு. 'வழவழப்பான' என்பது உராய்வு விசை சுழி என்னும் தரவு. எண் இல்லாமல் எண்ணைச் சொல்லும் இச்சொற்களே மாணவர் கண்ணில் படாமல் நழுவுகின்றன. மறுபுறம், எண்ணாகவே தரப்பட்ட 2 கிலோகிராம் இக்கணக்கிற்குத் தேவையற்றது. உராய்வில்லாத சாய்தளத்தில் முடுக்கம் நிறையைச் சார்ந்ததன்று. 30 டிகிரிக்கு அது 5 ஆகும். முடுக்கத்தின் இருமடங்கைத் தொலைவால் பெருக்க வேகத்தின் இருமடி 100. ஆகவே வேகம் வினாடிக்கு 10 மீட்டர். எண்ணை மட்டும் பொறுக்கியெடுக்கும் வாசிப்பு, வேண்டிய தரவை விட்டு வேண்டாத தரவைப் பற்றிக்கொள்கிறது.

மிச்செலின் சி, பால் ஃபெல்டோவிச், ராபர்ட் கிளேசர் ஆகியோர் 1981இல் வெளியிட்ட ஆய்வு இங்கு நினைக்கத்தக்கது. கணக்குகளை வகைப்படுத்தச் சொன்னபோது தொடக்கநிலை மாணவர் 'சாய்தளக் கணக்கு', 'சுருள்வில் கணக்கு' எனத் தோற்றத்தைக் கொண்டு பிரித்தனர். துறை வல்லுநர் ஆற்றல் அழிவின்மை, நியூட்டனின் இரண்டாம் விதி என அடிப்படைக் கொள்கையைக் கொண்டு பிரித்தனர். அவ்வாய்வு அமெரிக்க மாணவரை முன்னிறுத்தியது. தமிழ்த் தொடரில் உடைமைப்பெயரும் அடையும் முன்னேறி நிற்க, கொள்கையைச் சுட்டும் குறிப்பு நடுவில் புதைவதால், தோற்றத்தைப் பற்றும் இயல்பு மேலும் வலுப்பெற இடமுண்டு.

இதற்குத் தீர்வு எளிது. மேற்கண்ட கணக்கைப் பின்வருமாறு எழுதலாம்: 'ஒரு சாய்தளம் கிடைத்தளத்துடன் 30 டிகிரி கோணத்தில் உள்ளது. அதன் நீளம் 10 மீட்டர். தளத்தில் உராய்வு இல்லை. அதன் உச்சியில் ஒரு கட்டை வைக்கப்பட்டு, தள்ளாமல் விடப்படுகிறது. அடியை அடையும்போது கட்டையின் வேகம் என்ன?' பெயரெச்சங்கள் வினைமுற்றுகளாகியுள்ளன. ஒவ்வொரு முற்றும் படத்தில் ஒரு கோடு. எல்லாக் கணக்குகளையும் இவ்வாறு உடைத்தே தர வேண்டுமென்பதன்று. செறிந்த தொடரைத் தாமே உடைத்தெழுதும் பயிற்சி முதற்பருவ வகுப்பில் கணக்குத் தீர்ப்பதன் முதற்படியாக அமைய வேண்டும்.

விசைக்கு வினைமுதல் யார்?

தொடர் உடைந்தபின் அடுத்து எழும் இடர், விசையைக் கூறும் வினைகளில் உள்ளது. தாம்பரத்தில் புறப்படும் மின்தொடர்வண்டியில் நிற்பவர், வண்டி எடுக்கும்போது 'பின்னால் தள்ளுகிறது' என்பார். எது தள்ளுகிறது? பேச்சுவழக்குத் தமிழ் அதைக் கேட்பதில்லை. எழுவாய் இல்லாமலே தொடர் நிறைவுறுகிறது. பாடநூல் நடையும் இதற்கு விலக்கன்று. 'பொருளின்மீது 10 நியூட்டன் விசை செயல்படுகிறது' என்னும் தொடரில் விசையே எழுவாயாகிவிடுகிறது. அதைச் செலுத்துவது எது என்பது மறைகிறது.

நியூட்டனின் மூன்றாம் விதிப்படி விசை என்பது இரு பொருள்களுக்கிடையே நிகழ்வது. செலுத்தும் பொருளும் ஏற்கும் பொருளும் இன்றி விசை இல்லை. தொல்காப்பியம் வேற்றுமை மயங்கியலில் தொழில் முதனிலைகள் எட்டு எனக் கூறி, வினை, செய்வது, செயப்படுபொருள், நிலம், காலம், கருவி முதலியவற்றை வகுக்கிறது. ஒரு தொழிலைப் பற்றி எவையெல்லாம் கேட்கப்படலாம் என்னும் பட்டியல் அது. அதனை விசைக்குப் பொருத்தினால் ஒரு நடைமுறை விதி கிடைக்கிறது: ஒவ்வொரு விசையையும் 'எது, எதன்மீது' என்னும் இரு வினாக்களுக்கும் விடையுள்ள தொடராக எழுத வேண்டும்.

வண்டியின் கைப்பிடியில் தொங்கவிடப்பட்ட ஒரு பையைக் கொள்க. ஓய்விலிருந்து புறப்படும் வண்டி 30 வினாடியில் மணிக்கு 54 கிலோமீட்டர், அதாவது வினாடிக்கு 15 மீட்டர், வேகத்தைச் சீரான முடுக்கத்துடன் அடைகிறது. முடுக்கம் 0.5. பை நேராகத் தொங்காமல் பின்பக்கம் சற்றுச் சாய்ந்து நிற்கிறது. சாய்கோணம் என்ன?

நடைபாதையில் நிற்பவர் நோக்கில் பையின்மீது செயல்படும் விசைகளை மேற்கூறிய விதிப்படி எழுதினால் இரண்டே தொடர்கள் அமைகின்றன: புவி பையின்மீது கீழ்நோக்கிச் செலுத்தும் விசை, கைப்பிடி பையின்மீது வாரின் வழியே செலுத்தும் இழுவிசை. பின்னோக்கித் தள்ளும் விசைக்கு வினைமுதல் கிடைக்காததால் அது பட்டியலில் இடம்பெறவில்லை. வார் சாய்ந்திருப்பதால் இழுவிசையின் கிடைக்கூறு பையை முன்னோக்கி முடுக்குகிறது. அதன் செங்குத்துக்கூறு புவியின் ஈர்ப்பைச் சமன்செய்கிறது. இரு கூறுகளின் தகவு 0.5க்கு 10, அதாவது 0.05. கோணம் ஏறத்தாழ 3 டிகிரி.

வண்டிக்குள் இருப்பவர் நோக்கில் இதே கணக்கைச் செய்யும்போது பின்னோக்கிய ஒரு போலி விசையைச் சேர்க்க நேர்கிறது. அதற்கு வினைமுதல் இல்லை என்பதே அது போலி விசை என்பதற்கான அடையாளம். ஆகவே 'எது தள்ளுகிறது?' என்னும் வினா, நோக்கீட்டுச் சட்டகம் மாறியிருப்பதையும் காட்டிக்கொடுக்கிறது.

மூன்றாம் விதி பற்றிய பரவலான பிழையொன்றையும் இவ்விதி திருத்துகிறது. மேசைமேல் உள்ள நூலின் எடையும் மேசை தரும் செங்குத்து விசையும் சமமாகவும் எதிராகவும் இருப்பதால் அவை செயல் – எதிர்ச்செயல் இணை எனப் பலர் எழுதுவர். தொடராக்கிப் பார்த்தால் ஐயம் நீங்கும். 'புவி நூலின்மீது' என்பதன் இணை 'நூல் புவியின்மீது' என்பதே. 'மேசை நூலின்மீது' என்பதன் இணை 'நூல் மேசையின்மீது'. எழுவாயும் ஏழாம் வேற்றுமைப் பெயரும் இடம் மாறினால் மட்டுமே அது இணை. இயற்பியல் விதியொன்று வேற்றுமை உருபின் இடமாற்றமாகத் தமிழில் தெளிவுறுவது கருதத்தக்கது.

நிறையும் எடையும்

கலைச்சொற்களில் தமிழ்நாட்டு வழக்கும் இலங்கை வழக்கும் வேறுபடுவது அறியப்பட்டதே. இயக்கவியல் கணக்கில் இவ்வேறுபாடு விடையையே மாற்றவல்லது. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் நிறை என்பது பொருளின் பருமையைக் கிலோகிராமில் குறிக்கும். எடை என்பது புவி அப்பொருளை ஈர்க்கும் விசை. இலங்கைப் பாடநூல்களில் முன்னது திணிவு; பின்னதே நிறை. ஆகவே 'நிறை' என்னும் ஒரே சொல் பாக்கு நீரிணையின் ஒரு கரையில் கிலோகிராமிலும் மறுகரையில் நியூட்டனிலும் அளக்கப்படுகிறது. வேகம் என்னும் சொல்லும் அவ்வாறே. இங்கு அது திசையற்ற அளவு, திசையுடையது திசைவேகம். அங்கு திசையற்றது கதி, திசையுடையதே வேகம். முடுக்கம் அங்கு ஆர்முடுகல். திறன் அங்கு வலு. உள்ளுறை வெப்பம் அங்கு மறைவெப்பம்.

எது சரி என்னும் வினா பயனற்றது. எது எதைக் காட்டுகிறது என்பதே நோக்கத்தக்கது. நிறு என்னும் வினையடியும் நிறைகோல் என்னும் சொல்லும் எடைபோடுதலைக் குறிப்பதால், நிறையை எடையாகக் கொள்ளும் இலங்கை வழக்கிற்குச் சொற்பிறப்பு ஆதரவு உண்டு. நிறைகோலின் இரு தட்டுகளிலும் புவியீர்ப்பு ஒன்றே ஆதலால் அது ஒப்பிடுவது உண்மையில் பருமையையே என்னும் கருத்தில் தமிழ்நாட்டு வழக்கிற்கும் ஆதரவு உண்டு. திசைவேகம் என்னும் ஆக்கம் தன் பொருளைத் தானே சுமக்கிறது. திசையை மறந்த மாணவரைச் சொல்லே நினைவூட்டும். ஆர்முடுகல், அமர்முடுகல் என்னும் இலங்கை இணை, வேகம் கூடுவதையும் குறைவதையும் ஒலியொப்புமையுடன் பிரித்துக் காட்டுகிறது. இவ்விரு மரபுகளையும் ஒருங்கே வைத்துப் படிப்பது, கலைச்சொல் கருத்துக்கு இடப்பட்ட பெயர் என்பதைத் தாண்டி அது கருத்தின் ஒரு விளக்கமும் ஆகும் என்பதை மாணவருக்கு உணர்த்தும்.

அன்றாட வழக்கு மூன்றாவது ஓர் ஆற்றலாகக் குறுக்கிடுகிறது. கடையில் 'எடை எவ்வளவு?' என வினவி '2 கிலோ' என விடைபெறும் மாணவரிடம், எடையை நியூட்டனில் எழுதக் கேட்கிறது பாடநூல். இம்முரணை ஆசிரியர் வெளிப்படையாக எடுத்துரைக்காவிடில், 10ஆல் பெருக்க மறந்த விடை 'கவனக்குறைவு' எனச் சிவப்பு மையால் குறிக்கப்படும். அது கவனக்குறைவன்று, கடைத்தெருத் தமிழுக்கு மாணவர் உண்மையாக இருந்ததன் விளைவு.

விளாவுதல்: வெப்பவியலின் வீட்டுச்சொல்

வெப்பவியலில் நிலைமை சற்றே வேறு. இங்கு அன்றாடத் தமிழ் இடையூறாகவும் துணையாகவும் நிற்கிறது. 'இன்று வெப்பம் 40 டிகிரி' எனச் செய்திகளில் வருவது வெப்பத்தையும் வெப்பநிலையையும் ஒன்றாக்குகிறது. 'சூட்டு உடம்பு' என்னும் வழக்கில் சூடு உடலின் இயல்பாகிவிடுகிறது. வெப்பம் என்பது வெப்பநிலை வேறுபாட்டால் ஒரு பொருளிலிருந்து மற்றொன்றிற்குப் பாயும் ஆற்றல் என்னும் கருத்திற்கு இவ்விரண்டும் தடையாவன.

எனினும் கலைச்சொல் இங்கு நன்கமைந்துள்ளது. வெப்பநிலை என்னும் சொல்லில் 'நிலை' உள்ளது. வெப்ப இயக்கவியலில் வெப்பநிலை அமைப்பின் நிலையைக் குறிக்கும் அளவு; வெப்பமோ நிகழ்வின்போது கடக்கும் அளவு. பொருளின் 'நிலை' கேட்கப்படுகிறதா, அது 'பெற்றதும் இழந்ததும்' கேட்கப்படுகிறதா என வினவினாலே மாணவர் எந்த அளவைக் காண வேண்டும் என்பது தெளிவாகும். ஆங்கிலச் சொல்லில் இல்லாத இவ்வுதவி தமிழ்ச் சொல்லில் உண்டு.

வீட்டுத் தமிழிலும் ஓர் அரிய சொல் உள்ளது. குளிப்பதற்குக் கொதிநீரையும் தண்ணீரையும் கலந்து பதம்செய்வதை விளாவுதல் என்பர். பாடநூல் கலவை முறை எனக் கூறுவது இதுவே. வாளியில் 30 டிகிரி செல்சியஸில் 12 லிட்டர் தண்ணீர் உள்ளது. அதில் 100 டிகிரியில் 2 லிட்டர் கொதிநீர் விளாவப்படுகிறது. கொதிநீர் இழந்த வெப்பமும் தண்ணீர் பெற்ற வெப்பமும் சமம் எனக் கொண்டால் இறுதி வெப்பநிலை 40 டிகிரி: தண்ணீர் 10 டிகிரி ஏற, கொதிநீர் 60 டிகிரி இறங்குகிறது, 12இன் 10 மடங்கும் 2இன் 60 மடங்கும் 120. சராசரி வெப்பநிலை 65 எனக் கூட்டி இரண்டால் வகுக்கும் மாணவரை, அத்தகைய வாளியில் கைவிட்டுப் பார்க்க ஒப்புவாரா என வினவினால் போதும். நாள்தோறும் விளாவும் கை, விடையின் பொருத்தத்தை அறியும். அவ்வறிவைக் கணக்கிற்குள் அழைக்கும் சொல்லைப் பாடநூல் பயன்படுத்தாமல் விட்டிருப்பது இழப்பே.

இக்கணக்கில் சொல்லப்படாதவை பல. வாளி பெற்ற வெப்பம், காற்றிற்குச் சென்ற வெப்பம், ஆவியாகச் சென்ற நீர் ஆகியன விடப்பட்டுள்ளன. தொல்காப்பியம் கூறும் எச்சங்கள் பத்தனுள் குறிப்பெச்சம், சொல்லெச்சம் ஆகியன கூற்றில் இல்லாததை வருவித்துப் பொருள் முடிப்பன. செய்யுளுக்கு உரையாசிரியர் செய்வதைக் கணக்கிற்கு மாணவர் செய்ய வேண்டும். 'வேறெங்கும் வெப்பம் செல்லவில்லை எனக் கொண்டு' என ஒரு வரியை வருவித்து எழுதியபின்னரே சமன்பாடு தொடங்க வேண்டும். அவ்வரி இல்லாத விடை, எண் சரியாயினும், உரை முடியாத செய்யுளே.

பரங்கிமலைச் சங்கிலி

எச்சத்தை வருவித்தல் வகுப்பறைப் பயிற்சி மட்டுமன்று என்பதைத் தாம்பரத்திற்கு வடக்கே உள்ள பரங்கிமலையின் வரலாறு காட்டுகிறது. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் இம்மலையருகே தொடங்கித் தெற்கே பெரும்பாக்கம் குன்றை நோக்கி ஓர் அடிக்கோட்டை அளந்தார். இந்தியப் பெருங்கோண அளவீடு எனப் பின்னர் அறியப்பட்ட பெரும்பணியின் தொடக்கம் அது. கோட்டின் நீளம் ஏறத்தாழ 7.5 மைல், அதாவது சற்றேறக்குறைய 40,000 அடி. அளக்கப் பயன்பட்டது 100 அடி நீள எஃகுச் சங்கிலி. வெயிலில் எஃகு நீளும் என்பதால் சங்கிலி மரப்பெட்டிகளில் கிடத்தப்பட்டு நிழலில் வைக்கப்பட்டது. வெப்பமானிகளைக் கொண்டு வெப்பநிலை குறிக்கப்பட்டு நீளம் திருத்தப்பட்டது.

இதனைக் கணக்காக்கலாம். எஃகு 1 டிகிரி செல்சியஸுக்குத் தன் நீளத்தில் பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 12 பங்கு நீளும். சங்கிலி சரியாக 100 அடியாக இருக்கும் வெப்பநிலையைவிட அளவீட்டு நாளில் 10 டிகிரி மிகுதி எனக் கொள்வோம். ஒரு சங்கிலி 0.012 அடி நீளும். ஓர் அங்குலத்தில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு. கண்ணுக்குப் பொருட்டாகத் தோன்றாத அளவு இது. ஆனால் 400 முறை சங்கிலி கிடத்தப்படும்போது அது 4.8 அடியாகிறது. ஓர் ஆள் உயரத்தை நெருங்கும் பிழை, அக்கோட்டின்மேல் எழுப்பப்படும் முக்கோணங்கள் அனைத்திலும் பரவும்.

இனி வரும் வினாவே வாசிப்பைச் சோதிப்பது: இந்த 4.8 அடியைக் கூட்டுவதா, கழிப்பதா? 'நீண்டுவிட்டது, ஆகவே கழிக்க வேண்டும்' என்பது விரைந்து தோன்றும் விடை. நீண்டது சங்கிலி, நிலமன்று. நீண்ட சங்கிலியால் அளக்கும்போது 100 அடி என எண்ணப்பட்ட ஒவ்வொன்றும் உண்மையில் 100.012 அடி. எண்ணிக்கை உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். ஆகவே கூட்ட வேண்டும். இங்கும் 'நீண்டது' என்னும் வினைக்கு எழுவாய் எது என்னும் வினாவே விடையைத் தீர்மானிக்கிறது. சூத்திரம் 4.8ஐத் தரும்; அதன் குறியைத் தருவது வாசிப்பு.

பாடநூல் கணக்கில் புறக்கணிக்க வேண்டியவை முன்பே புறக்கணிக்கப்பட்டுள்ளன. லாம்டனுக்கு அவ்வாறு எவரும் தரவில்லை. எதைப் பொருட்படுத்துவது, எதை விடுவது என அவரே முடிவுசெய்ய நேர்ந்தது. அடைமொழிகளை ஏற்று விடைகாணும் மாணவர், ஒருநாள் அவ்வடைமொழிகளைத் தாமே எழுத வேண்டியவர். அதற்கான பயிற்சி தொடக்கநிலைக் கணக்கிலேயே தொடங்க வேண்டும்.

மறுப்பும் வரையறையும்

இவ்வாய்விற்கு இரு மறுப்புகள் எழக்கூடும். முதலாவது, இடர் மொழியினுடையது எனில் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட மாணவர் கணக்கில் இடர்ப்படலாகாதே என்பது. இம்மறுப்பு வலுவானது. ஹெஸ்டனஸ், வெல்ஸ், ஸ்வாக்ஹாமர் ஆகியோர் 1992இல் வெளியிட்ட விசைக் கருத்துத் தேர்வு, ஆங்கிலவழி மாணவரிடமும் இயக்கம் பற்றிய அன்றாடக் கருத்துகள் பாடத்திற்குப் பின்னும் நீடிப்பதைப் புலப்படுத்தியது. ஆகவே மொழி ஒன்றே காரணம் என இக்கட்டுரை கூறவில்லை. தவறான கருத்து எந்த மொழியிலும் இருக்கலாம். அது ஒளிந்துகொள்ளும் தொடர் மொழிக்கு மொழி மாறுகிறது. தமிழில் அது எழுவாயில்லா வினையிலும் குவிந்த பெயரெச்சத்திலும் ஒளிகிறது என்பதே ஈண்டு காட்டப்பட்டது.

இரண்டாவது மறுப்பு, பழந்தமிழ் இலக்கணத்தை நவீன இயற்பியலுக்குப் பொருத்துவது பெருமிதம் சார்ந்த செயல் என்பது. தொல்காப்பியத்தில் நியூட்டனின் விதிகள் உள்ளன என்னும் கருத்திற்கு இங்கு இடமில்லை. இலக்கணம் தொடரை ஆராயும் கருவி. இயற்பியல் கணக்கு தொடர்களாலானது. ஆகவே கருவி பொருந்துகிறது. கணக்கதிகாரத்தின் விதியில் எல்லை கூறப்படாமையை முற்பகுதி சுட்டியதும் இதனாலேயே.

முடிவுரை

2010இல் அண்ணா பல்கலைக்கழகம் குடிசார், இயந்திரப் பொறியியல் பிரிவுகளைத் தமிழ்வழியில் தொடங்கியது. இயக்கவியலும் வெப்பவியலும் அடித்தளமாக உள்ள துறைகள் அவை. தமிழ்நாட்டில் 2018இல் பதினொன்றாம் வகுப்பிற்குப் புதிய பாடநூல்கள் வந்தன. தமிழில் கணக்குகள் எழுதப்படாமல் இல்லை. அவை மொழிபெயர்ப்பின் எச்சமாக அமையாமல் தமிழிலேயே சிந்தித்து எழுதப்பட வேண்டும் என்பதே தேவை. அதற்கு மூன்று நடைமுறைகள் இவ்வாய்விலிருந்து பெறப்படுகின்றன.

ஒன்று, கணக்கின் பெயரெச்சங்களை வினைமுற்றுகளாக உடைத்தெழுதி, ஒவ்வொன்றும் குறிக்கும் சமன்பாட்டை அருகே எழுதுதல். இரண்டு, ஒவ்வொரு விசையையும் 'எது, எதன்மீது' என்னும் தொடராக எழுதி, வினைமுதல் இல்லாததை ஐயுறுதல். மூன்று, கூறப்படாத கருதுகோள்களை விடைக்கு முன் ஒரு வரியில் வருவித்து எழுதுதல். இம்மூன்றிற்கும் மதிப்பெண் வழங்கப்படுமாயின், சமன்பாட்டில் தடுமாறும் மாணவரும் தாம் எதுவரை அறிந்துள்ளார் என்பதைக் காட்ட இயலும். ஆசிரியரும் பிழை கணிதத்திலா, கருத்திலா, வாசிப்பிலா எனப் பிரித்தறிய இயலும்.

இம்மூன்றும் தமிழ்த்துறையும் இயற்பியல் துறையும் கூடிச் செய்ய வேண்டிய பணிகள். இரு துறைகளும் பெரும்பாலும் ஒரே வளாகத்தில் உள்ளன. தொடரை ஆராயும் பயிற்சி ஒன்றிடமும் விசையை ஆராயும் பயிற்சி மற்றொன்றிடமும் உள்ளது. 'கணக்குப் போட வராது' எனத் தம்மைத்தாமே ஒதுக்கிக்கொள்ளும் மாணவர் இவ்விரு துறைகளுக்கும் இடையே நிற்கின்றார். அவருக்குக் கணக்கைப் படிக்கக் கற்பித்தபின் அவர் தோற்றால் அது வேறு செய்தி. படிக்கக் கற்பிக்காமலே அவரது தோல்வியைக் கணிதத்தின்மேல் சுமத்துவது ஆய்வு நெறிக்கும் அறத்திற்கும் ஒவ்வாது.